காலங்கடந்து வந்த சிஷ்யன்

கலியாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, காதோரத்தில் நரையும் கண்டுவிட்ட ஒரு மனிதர், பகலெல்லாம் காரியாலயத்தில் கணக்கெழுதிவிட்டு, மாலையில் தம் புருவத்துக்கு எட்டும் அளவாக ஒரு மூங்கிற் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியில் இறங்குவாரானால், தெருநாய்த் தொல்லை அதிகமாகிவிட்டது போலும் என்று அயலார் எண்ணுவார்களேயன்றி, இவர் சிலம்பம் பழகப் போகிறார் என்று எண்ணமாட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகோ, அவரைப் பார்க்கும் பார்வையில் சிறிது இரக்கம் கலந்துவிடும். 'இந்த வயசிலா?' என்பது முதற் கேள்வி; 'யாரை அடிக்கப் போறீங்க?' என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு, வைத்தியர் சொன்னார், சர்க்கரை இருக்கிறது என்று ஏதேனும் சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விதான் சங்கடமானது; ஏனெனில், அவர் யாரையும் அடிக்கப் போவதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போருக்கும் போகாமல், போட்டிக்கும் போகாமல், ஆசானாகும் எண்ணமும் இல்லாமல், வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளைச் சண்டை வித்தைக்குக் கொடுக்கும் இந்த மனிதரைப் பற்றி வெளியார் சொல்லும் குறை இது. வித்தைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லும் குறை வேறு. உயிரைக் காக்கவும் எடுக்கவும் ஏற்பட்ட வித்தை, பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு வந்த பிறகு கூர் மழுங்கி, தேகப்பயிற்சியாகவும் வேடிக்கையாகவும் குறுகிவிட்டது என்பது அவர்களுடைய அங்கலாய்ப்பு. இவ்விரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள்: வயது வந்தபின் வரும் மாணவன் இந்த வித்தைகளின் வீட்டுக்கு அழையா விருந்தாளி என்பதே அது. சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் இந்த அபிப்பிராயம் நிற்கவில்லை. ஜூடோ, கராத்தே, தாய்ச்சி என்று உலகமெங்கும் இன்று பெயர் வழங்கும் வித்தைகளிற் பல, அந்த விருந்தாளிக்கென்றே இடித்துக் கட்டப்பட்ட வீடுகள்.

ஜப்பான் தேசத்தில் 1876-ல் வாள் தரிக்கும் உரிமை சாமுராய் வகுப்பாரிடமிருந்து பறிக்கப்பட்டது. பரம்பரை பரம்பரையாக ஜூஜுத்ஸு கற்பித்து வந்த ஆசிரியர்கள் பிழைப்புக்கு வழியில்லாமல் தவித்தார்கள். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் செய்து நாளைக் கழித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரிடந்தான், பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடிபட்டுச் சலித்துப்போன ஜிகோரோ கானோ என்ற மெலிந்த மாணவர் 1877-ல் போய்ச் சேர்ந்தார். ஐந்து வருஷங்களுக்குப் பின், சர்வகலாசாலைப் பட்டமும் பெற்று, பள்ளி ஆசிரியராக அமர்ந்திருந்த அவர், தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய்கள் விரிக்குமளவே இடமுள்ள ஓர் அறையில், கோடோகான் என்ற தம்முடைய பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பிராயம் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. முதலில் வந்து சேர்ந்த சிஷ்யர்கள் ஒன்பது பேர்.

கானோ செய்த காரியத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பழைய வித்தையிலிருந்து ஆளை முடமாக்கும் பிடிகளையும் குத்துகளையும் தனியே பிரித்து, அவற்றை முன்னேற்பாட்டுடன் இருவர் கூடிச் செய்துகாட்டும் 'காத்தா' என்ற வரிசைகளுக்குள் வைத்துவிட்டு, மீதியிருந்த எறிதல்களையும் அமுக்கல்களையும் எதிராளி முழுபலத்துடன் எதிர்க்கும்போதே பயிலக்கூடிய 'ரந்தோரி' என்ற கட்டற்ற பயிற்சிக்கு உரியவையாக்கினார். இதன் பலன், மாலையில் முழுமூச்சாகப் பொருதிவிட்டு, மறுநாட் காலையில் இரு தரப்பாரும் உத்தியோகத்துக்குப் போகலாம் என்பதே. சேர்ந்தவுடன் முதலிற் கற்பிக்கப்படுவது பிறரை வீழ்த்துவதன்று, தான் விழுவது: கையை வீசிப் பாயில் அறைந்து, தலையை மார்போடு ஒட்டி, அதிர்ச்சியை முதுகெங்கும் பரப்பிவிடும் உக்கெமி என்ற உபாயம். போதாதென்று, சாதாரண உடையோடு, ஒருவரையொருவர் கீழே தள்ளாமலே செய்யத்தக்க 'ஜூ நோ காத்தா' என்ற மென்மையான வரிசை ஒன்றையும் அவர் அமைத்தார். போர்வீரனை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடுகளா இவை? போர்வீரனுக்கு மறுநாள் உத்தியோகம் ஏது?

படிநிலைகளின் கதையும் இதுவே. 'தான்' என்ற தரவரிசையைக் கானோ எடுத்துக்கொண்டது கோ என்னும் பலகையாட்டத்திலிருந்து; 1883-ல் முதன் முதலாகத் தம் சிஷ்யர் இருவருக்கு அதை வழங்கினார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று கச்சைகள் நிறம் மாறிக்கொண்டு போகும் வழக்கமோ, ஐரோப்பாவில் இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வேரூன்றியது. பாரிஸ் நகரில் 1935 முதற் கற்பித்த மிகினோசுகே கவாயிஷி அதைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர். கறுப்புக் கச்சையை எட்டப் பல வருஷங்கள் ஆகுமென்றால், வயது வந்த மாணவன் நடுவழியிற் சோர்ந்து போவான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நிறம் அவன் இடுப்பில் ஏறினால் நிலைத்து நிற்பான். மனித சுபாவத்தை அறிந்த ஏற்பாடு. அது பின்னாளில் எப்படிச் சீரழிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கராத்தேயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒகினாவாத் தீவில் இரவில் மறைவாகப் பயிலப்பட்ட அந்த வித்தையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென எளிமைப்படுத்தியவர் இதோசு. அவருடைய சிஷ்யரும் பள்ளி ஆசிரியருமான கிச்சின் ஃபுனகோஷி, 1922-ல் தோக்கியோவுக்கு ஒரு கண்காட்சிக்காகச் சென்றவர், ஐம்பது வயது கடந்த நிலையில் அங்கேயே தங்கி, மாணவர் விடுதியொன்றில் வாசல் பெருக்கும் வேலையும் பார்த்துக்கொண்டு, சர்வகலாசாலை மாணவர்களுக்குக் கற்பித்தார். சீனத்தில் 1910-ல் ஷாங்காயில் தோன்றிய ஜிங்வூ சங்கம், குடும்ப இரகசியமாக இருந்தவற்றைக் குமாஸ்தாக்களுக்கும் வியாபாரிகளுக்கும் பெண்களுக்கும் பொதுவாக்கியது. 1921-ல் கோலாலம்பூரிலும் அதற்குக் கிளை ஏற்பட்டது. இரகசியம் உடைந்த இடத்திலெல்லாம் உள்ளே நுழைந்தவன் வயது வந்த மாணவன்தான்.

அப்படி நுழைந்தவர்களில் மிகப் பிரசித்தமானவர் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். குத்துச்சண்டையில் இடக்கண்ணின் பார்வை மங்கிப்போக, இனி நமக்கு வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு அவர் குத்துச்சண்டையை விட்டார். விட்டு, ஜூஜுத்ஸுவைப் பிடித்துக்கொண்டார் என்று அவரே தம் சுயசரிதையில் எழுதுகிறார். இவ்விரண்டில் எது முந்தியது என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். வயதை ஒப்புக்கொண்டதன் லட்சணம் இது என்பதே ரசிக்கத்தக்கது. 1904-ல், அவருடைய நாற்பத்தைந்தாம் பிராயத்தில், கானோவின் சிஷ்யரான யமாஷிடா வெள்ளை மாளிகையில் அவருக்குக் கற்பித்தார். ஒருவர் தலைக்குமேல் லேசாகத் தூக்கிச் சுழற்றப்படுவதற்கு ஏற்ற வயதும் தேகமும் தமக்கில்லை என்று மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பரிகாசமாகக் குறிப்பிடுகிறார். தேசத்தையே ஆள்கிறவர் வாரத்திற் சில மாலை முதுகு தரையிற்பட விழுந்துகொண்டிருந்தார்.

லண்டனில் ஈடித் கார்ரட் என்ற மாதின் கதை வேறு வகையைச் சேர்ந்தது. ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள இவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கிளர்ச்சி செய்தவர்களுக்கு, போலீசாரின் பிடியிலிருந்து தலைவிகளைக் காக்கும் பொருட்டு ஜூஜுத்ஸு கற்பித்தார். அப்போது அவர் நாற்பதைத் தொட்டிருந்தார். 'யாரை அடிக்கப் போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடிய வெகு சிலரில் அந்த மாணவிகள் சேர்வார்கள். ஆனால் அவர்கள் விதிவிலக்கு. நமது தேசத்திலும், மகாகவி தாகூர் 1929-ல் தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தது, எந்தப் பகைவனையும் உத்தேசித்தன்று.

இதுவரை சொன்னவை யாவும் என் கட்சிக்குச் சாதகமானவை. பாதகமானதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நம் அண்டையிலுள்ள களரிப்பயற்றே போதும். களரியில் ஏழு வயதுக் குழந்தையைச் சேர்ப்பதே முறை. நாற்பத்திரண்டடி நீளமும் இருபத்தோரடி அகலமுமாக நிலத்தைத் தோண்டி அமைத்த குழிக்குள், மழைக்காலத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, முதலில் மெய்த்தாரி என்ற உடற்பயிற்சி, பிறகு கோல்த்தாரி, பிறகு அங்கத்தாரி என்று ஆயுதங்கள், கடைசியில் வெறுங்கை என்று வருஷக்கணக்கில் நடக்கும் அந்த வித்தை, இளம் உடம்பின் நெகிழ்வையே மூலதனமாகக் கொண்டது. பத்மஸ்ரீ விருது 2017-ல் பெற்ற வடகரை மீனாட்சியம்மா எழுபது பிராயத்துக்கு மேலும் வாளேந்தி நிற்பதைப் பார்த்து, நாமும் ஓய்வு பெற்றபின் தொடங்கலாம் என்று மனப்பால் குடிப்பவர்கள், அவர் தொடங்கியது ஏழு வயதில் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனினும் அந்தக் களரிக்கும் காலங்கடந்து ஒருவர் வந்தார். பிலிப் சரில்லி என்ற அமெரிக்க நாடகப் பேராசிரியர், 1976-ல், முப்பதை நெருங்கிய வயதில், திருவனந்தபுரத்து சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயர் என்ற குருக்களிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். பல வருஷங்கள் வந்து வந்து பயின்று, பின்பு பிறருக்குக் கற்பிக்கும் உரிமையும் பெற்று, வேல்ஸ் நாட்டில் மண்தரையோடு ஒரு களரியையே அமைத்தார். உடம்பெல்லாம் கண்ணாகும் நிலை என்று மலையாளத்தில் வழங்கும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டு 1998-ல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் மிகவும் மதிக்கப்படுவது. அவருக்கு வேண்டியிருந்தது வெட்டும் வாளன்று. மேடையில் நிற்கும் நடிகனின் கவனம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை. சென்னையில் சந்திரலேகா தம் நாட்டியத்துக்குள் களரியைக் கொணர்ந்ததும் ஏறக்குறைய இதே தேட்டத்தாலேயே. குழந்தைக்கு வித்தை கிடைக்கிறது. காலங்கடந்து வருகிறவன் ஒரு கேள்வியோடு வருகிறான். அவன் உடம்பு வளையாத இடத்தில் அந்தக் கேள்வி சற்று வளைந்து கொடுக்கிறது.

உடம்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவது நல்லது. முப்பதுக்குப் பிறகு தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் தசைநாண்கள் தசையைவிட மிக மெதுவாகவே பலப்படுகின்றன. ஆகையால் இரண்டு மாதப் பயிற்சியில் 'தெம்பு வந்துவிட்டது' என்று தோன்றும் சமயமே மிகவும் அபாயமான சமயம்: தசை தயாராகிவிட்டது, குதிகால் நாணும் முழங்காலும் தயாராகவில்லை. பத்து வயதுப் பையனுக்கு ஓர் இரவில் தீரும் வலி, நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு வாரம் தங்கும். தலையில் அடிபடும் வித்தைகளை எந்த வயதிலும் சந்தேகத்தோடு அணுகுவதே விவேகம். மூளைக்குப் பட்ட அதிர்ச்சி தேகப்பயிற்சிக் கணக்கில் சேராது. இத்தகைய உடம்புகளுக்கும் ஏற்றதாகச் சீன அரசாங்கத்தார் 1956-ல் பழைய தாய்ச்சி வரிசைகளைச் சுருக்கி, இருபத்துநான்கு அசைவுகளில், ஐந்தாறு நிமிஷங்களில் முடியக்கூடிய ஒரு வரிசையைப் பொதுஜனங்களுக்கென வகுத்தார்கள். முதியோர் கால் தடுமாறி விழுவதை இப்பயிற்சி குறைக்கிறதென்று வைத்திய ஆராய்ச்சிகளும் பின்னர் உறுதி செய்திருக்கின்றன. எதிராளியை விழத்தட்ட ஏற்பட்ட வித்தை, கடைசியில் பாட்டியைக் குளியலறையில் விழாமற் காக்கும் உபகாரத்தைச் செய்கிறது. இதைக் கூர் மழுங்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் சொந்த அனுபவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டாம் பிராயத்தில் எங்கள் ஊர்க் கம்மாய்க்கரையில் சிலம்பம் கற்கச் சேர்ந்தேன். சினிமாவில் எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றுவதைப் பார்த்துச் சிறு பிராயத்திலிருந்தே உள்ளுக்குள் கிடந்த ஆசை அது. ஆசான் என்னைவிட இளையவர். பகலில் கொத்து வேலை. கம்பைச் சுழற்றச் சொல்லித் தருவார் என்று போனால், "கம்பு அப்புறம் சார், முதல்ல காலடி" என்று சொல்லி, ஒரு மாதம் வரையில் வெறுங்கையோடு முன்னும் பின்னும் அடிவைக்கச் செய்தார். பக்கத்தில் பயின்ற பதினொரு வயதுப் பெண்ணுக்கு எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆசான் செய்ததைப் பார்த்தாள், செய்தாள். நானோ, இந்த அடி ஏன் குறுக்கே போகிறது, பாரம் எந்தக் காலில் நிற்கவேண்டும் என்று கேள்விமேற் கேள்வி கேட்டு, பதில்களையெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். கம்பு கைக்கு வந்த முதல் வாரத்தில் என் கணுக்காலை நானே இரண்டு தரம் அடித்துக்கொண்டேன். "மாமா, கம்பைப் பார்க்காதீங்க, எதிர்ல பாருங்க" என்றாள் அந்தப் பெண். குறிப்புப் புத்தகத்தில் இது இருக்கவில்லை.

அலுவலகத்தில் நாலு பேர் எழுந்து நிற்கும் ஒரு மனிதன், வெளியே வந்து ஒரு சிறுமியிடம் திருத்தம் பெறுவது என்பது, எழுதும்போது தோன்றுமளவுக்கு இனிமையானதன்று. முதலில் நெஞ்சு சுருக்கென்கிறது. வயது ஏற ஏற நாம் தேறிய காரியங்களையே செய்து, தேறாதவற்றைப் பிறர் காணாமல் ஒதுக்கி வாழப் பழகிவிடுகிறோம். பலர் முன்னிலையில், உடம்பினால், ஒன்றை மோசமாகச் செய்து, திருத்தப்பட்டு, மறுநாளும் அதே இடத்துக்குப் போய் நிற்கும் சந்தர்ப்பம் நாற்பதுக்குப் பிறகு வேறெங்கே கிடைக்கிறது? அயலார் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அடிப்பதற்காகப் போகவில்லை; மாணவனாக இருப்பதற்காகப் போகிறேன்.

அந்த மாணவனுக்கு உரிய குற்றம் ஒன்று உண்டு, அது புத்திசாலித்தனம். இதற்கு ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகலைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை. 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரத்துச் சர்வகலாசாலையிற் போதித்த அவர், நாற்பது பிராயத்தில் ஆவா கென்ஸோ என்பவரிடம் வில்வித்தை பயின்றார். நாண் தானே கையைவிட்டு நழுவவேண்டும், நீ விடுவிக்கக்கூடாது என்பது குருவின் கட்டளை. மாதக்கணக்காக அது கைகூடாமற்போகவே, விடுமுறையில் தனியே உட்கார்ந்து யோசித்து, விரல்களின் அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்தும் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்து, வெற்றியோடு குருவிடம் செய்துகாட்டினார். மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்ன குரு, ஒன்றும் பேசாமல் வில்லை வாங்கிவைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நண்பர் ஒருவர் பரிந்து பேசிய பிறகே பாடம் தொடர்ந்தது. 1948-ல் வெளிவந்த ஹெரிகலின் நூலுக்கு உலகெங்கும் புகழ். ஆயினும், குருவுக்கும் சிஷ்யருக்கும் பொதுமொழி இல்லாததனால் நேர்ந்த மயக்கங்களையே அவர் ஞானோபதேசமாக எழுதிவிட்டார் என்று ஷோஜி யமாடா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2001-ல் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆக, ஒரே மனிதரிடம் இரண்டு குற்றங்கள்: குறுக்குவழி தேடியது ஒன்று, சாதாரணத் திருத்தத்திலும் வேதாந்தம் கேட்டது மற்றொன்று. குறிப்புப் புத்தகம் வைத்திருந்த எனக்கு இரண்டும் நன்றாகவே புரிகின்றன.

இனி, வித்தை பலிக்குமா என்ற கேள்வி. எதிர்க்காத துணைவனிடமே பல வருஷம் பயின்றவர், தம் கையில் மந்திரம் இருப்பதாக நம்பிவிடுவது அபூர்வமன்று. 1993-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில், வெவ்வேறு வித்தைக்காரர்களை அநேகமாக நிபந்தனையின்றி மோதவிட்டபோது, பெரிய தேகிகள் பலர் இருக்க, ஒல்லியான ஹோய்ஸ் கிரேசி வென்றார். அவர் குடும்பத்தின் வித்தையோ, கானோவின் கோடோகானிலிருந்து பிரேசிலுக்குப் போன மாயேடாவிடமிருந்து வந்தது. எதிர்ப்பவனோடு தினமும் பொருதிப் பழகும் வழக்கமே அதன் உயிர். பொழுதுபோக்குக்காரனுக்காகப் பாதுகாப்பாக்கிய வித்தைதான், பாதுகாப்பாயிருந்ததனாலேயே, முழுபலத்தோடு தினமும் பயில இடங்கொடுத்து, கடைசியில் கூர்மையானதாகவும் நின்றது. கூர் மழுங்கியதாக வருந்தும் ஆசான்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும். கத்தியோடு வருபவன் முன்னால் மட்டும் எந்தக் கச்சையும் உதவாது. ஓடுவதே உத்தமம் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆசிரியரை நான் நம்புவேன்.

நிறக் கச்சைகள் சீரழிந்த கதையைச் சொல்வதாக முன்பு வாக்களித்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பரீட்சை, ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு கட்டணம், இத்தனை மாதத்தில் கறுப்புக் கச்சை நிச்சயம் என்ற விளம்பரம் என்று மாடிக்கு மாடி முளைத்திருக்கும் கூடங்களில், கச்சை மாணவனுக்கு ஊக்கமாக இல்லாமல் நிர்வாகிக்கு வருமானமாகிவிட்டது. சம்பளம் கொடுக்கச் சக்தியுள்ள, திருத்தினால் மனம் நோகிற, முன்னேறியதாகச் சொன்னால் மகிழ்கிற வயதுவந்த மாணவனே இதற்கு உகந்த வாடிக்கைக்காரன். இந்தப் பாபத்தில் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு. மீனாட்சியம்மாவின் வடகரைக் களரியில் கட்டணம் என்று வகுத்து வாங்குவதில்லை, தட்சிணை மட்டுமே. அது எல்லோருக்கும் சாத்தியமன்று, ஆசான்களும் சாப்பிடவேண்டும். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் முழங்காலைப் பற்றிக் கேட்கிறாரா என்பதைக் கொண்டு ஆசிரியரை ஒருவாறு எடைபோடலாம் என்பது என் எண்ணம்.

எங்கள் ஆசான் கட்டணத்தையும் கேட்கவில்லை, முழங்காலையும் கேட்கவில்லை. நான் நடந்து வந்ததைப் பார்த்தே இடது முழங்கால் பலவீனமென்று சொல்லிவிட்டார். நான்கு வருஷமாயிற்று. இப்போது என் கணுக்காலில் அடி விழுவதில்லை; பின்னல் வீச்சில் மட்டும் இடது கை இன்னும் பிந்துகிறது. அந்தப் பெண் உயர்தரப் பள்ளிக்குப் போய்விட்டாள். கம்பு புருவத்துக்கு எட்டவேண்டுமாதலால், ஆடிக்கு ஆடி அவளை நிமிர்த்தி நிற்கவைத்து, புதுக் கம்பில் கோடு கிழித்து அறுத்துக் கொடுக்கிறார் ஆசான். போன முறை, "உங்களுக்கும் ஒண்ணு அளக்கட்டா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் போய் நின்றேன். அளந்து பார்த்துவிட்டு, பழைய கம்பையே எடுத்து, கொஞ்சம் எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுத்தார்.